குண்டை முழுங்கிய மரம்!

முதல்ல ஒரு சின்ன கணக்கு, ஃப்ரெண்ட்ஸ். பயப்படாதீங்க, எம்-3 பேப்பர் கணக்கு இல்லை.

எதிரே 9 போர்க்கப்பல்கள். எல்லாத்தையும் சேர்த்தால் சுமார் 260 பீரங்கி. வந்திருக்கிறது அன்றைய தேதியில் உலகத்தின் நம்பர் ஒன் கடற்படை. இந்தப் பக்கம் நீங்க. கையில் பாதி கட்டி முடித்த ஒரு கோட்டை. கடலைப் பார்த்த சுவர் மட்டும்தான் உருப்படியா எழும்பியிருக்கு. பின்பக்கம் ‘வாங்க, வாங்க’ன்னு திறந்து கிடக்கு. பீரங்கி 31, ஆட்கள் 435 பேர். வெடிமருந்து? மாசக் கடைசியில் ஹாஸ்டல் பையன் பர்ஸ் மாதிரி!

சரி, சுவராவது கருங்கல்லா? இல்லை. செங்கல்? அதுவும் இல்லை. பனை, தென்னை குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம். அதுக்குள்ளே மணல். அவ்வளவுதான்.

ஜெயிக்கப் போறது யாருன்னு பெட் கட்டினா, நானும் கப்பல் பக்கம்தான் கட்டியிருப்பேன். ஆனா 1776 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுக வாசலில் ஜெயிச்சது அந்த மரம்.

அமெரிக்கப் புரட்சின்னா நமக்குத் தெரிஞ்சது ஜார்ஜ் வாஷிங்டன், பாஸ்டன் தேநீர், ஜூலை 4. பத்தாம் வகுப்போட அதை மூட்டை கட்டி வெச்சிருப்போம். இந்தச் சண்டை நடந்தது அந்த ஜூலை 4-க்குச் சரியாக ஆறு நாள் முன்னாடி. போர் 1775 ஏப்ரலிலேயே வடக்கே தொடங்கிவிட்டது. ‘தெற்கே ராஜ விசுவாசிகள் நிறைய இருக்காங்க, நாம போய் இறங்கினா அவங்க எழுந்து வருவாங்க’ என்பது லண்டனின் கணக்கு. அந்த விசுவாசிகளை வட கரோலினாவில் 1776 பிப்ரவரியிலேயே புரட்சிக்காரர்கள் அடித்து நொறுக்கிட்டாங்க. கப்பல்கள் வந்து சேர்ந்தப்போ வரவேற்க ஆளில்லை. வந்ததுக்கு ஏதாவது செய்யணுமே என்று தெற்கே திரும்பியதுதான் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பக்கம். அன்றைக்கு அதற்கு சார்ல்ஸ் டவுன் என்று பெயர். அரிசியும் அவுரியும் ஏற்றுமதி செய்து கொழுத்த ஊர்.

அந்தத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டுமானால் வாசலில் வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்திருக்கும் சல்லிவன்ஸ் தீவைத் தாண்டணும். நம்ம பாதிக் கோட்டை இருந்தது அங்கேதான்.

கோட்டைத் தளபதி கர்னல் வில்லியம் மோல்ட்ரி. ரொம்ப கூலான மனுஷன். எவ்வளவு கூல்னா, ஒரு கப்பல் கேப்டன் வந்து கோட்டையைப் பார்த்துட்டு, ‘அரை மணி நேரத்துல இதைத் தரைமட்டமாக்கிடுவாங்க’ என்றாராம். ‘சரி, அப்போ இடிபாட்டுக்குப் பின்னாடி படுத்துக்கிட்டு சுடுவோம்’ என்று பதில் சொன்னாராம் மோல்ட்ரி. அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். கொஞ்சம் பில்டப் இருக்கலாம், ஆனா ஆள் அப்படித்தான்.

இவருக்கு நேர் எதிர், வடக்கேயிருந்து வந்த மேஜர் ஜெனரல் சார்லஸ் லீ. ஐரோப்பாவில் போர் பார்த்தவர். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மாதிரி வந்து, கோட்டையைச் சுற்றிப் பார்த்து, ‘இது கோட்டை இல்லை, கசாப்புக் கொட்டடி’ என்று தீர்ப்பு எழுதிட்டார். ஆட்களை வெளியே கொண்டுவரச் சொன்னார். தென் கரோலினாவின் தலைவர் ஜான் ரட்லெட்ஜ் மறுத்தார். கோட்டையைக் காலி செய் என்று உத்தரவு எழுதறதுக்குப் பதில் என் கையை வெட்டிக்கொள்வேன் என்கிற ரேஞ்சில் மோல்ட்ரிக்குத் தகவல் போனது. லீயும் விடவில்லை. மோல்ட்ரியைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட முடிவு செய்திருந்தார். அது நடக்கறதுக்குள் கப்பல்கள் கிளம்பிவிட்டன.

ஒரு விஷயத்தில் லீக்கு நியாயம் செய்யணும். அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. பின்பக்கம் திறந்த கோட்டையை, பின்பக்கமா வந்து அடிச்சா உள்ளே இருக்கிற யாரும் தப்ப முடியாது. ஆங்கிலேயரும் அதைத்தான் பிளான் பண்ணினாங்க.

கப்பல் படைக்குத் தலைவர் பெயரைக் கேட்டா சிரிப்பீங்க... பீட்டர் பார்க்கர்! சத்தியமா. சர் பீட்டர் பார்க்கர். சிலந்தி எதுவும் கடிக்கலை, அன்னிக்கு வலை பின்னவும் அவருக்கு வரலை. தரைப்படைக்கு ஹென்றி கிளின்டன். அவருக்குக் கீழே கார்ன்வாலிஸ். ஆமாம், நம்ம ஹிஸ்டரி புக்ல வர்ற அதே கார்ன்வாலிஸ்தான். அவர்கிட்ட அப்புறம் வருவோம்.

பிளான் இதுதான். கப்பல்கள் முன்னாடி நின்று அடிக்கும். கிளின்டனின் 2,200 சிப்பாய்கள் பக்கத்துத் தீவில் இறங்கி, நடுவில் இருக்கிற சின்னக் கால்வாயை நடந்தே கடந்து, கோட்டையின் பின்பக்கம் வருவார்கள். தண்ணி வற்றும் நேரத்தில் அங்கே ஆழம் வெறும் 18 அங்குலம் என்று தகவல்.

இறங்கிப் பார்த்தா 7 அடி!

சைட் சர்வே செய்யாமல் பிளான் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு சிவில் டிபார்ட்மென்ட் வகுப்புகளில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. படகில் கடக்கவும் பார்த்தார்கள். அக்கரையில் கர்னல் வில்லியம் தாம்சனின் 780 பேர் (அதில் கடாவ்பா என்ற பூர்வகுடி வீரர்களும் உண்டு) பீரங்கியோடு காத்திருந்தார்கள். முடியலை. அந்த 2,200 பேரும் நாள் முழுக்க எதிர்க்கரையில் நின்று மேட்ச் பார்த்ததுதான் மிச்சம்.

காலை பதினொன்றரை வாக்கில் கப்பல்கள் சுட ஆரம்பித்தன. ‘தண்டர்’ என்ற குண்டுவீச்சுக் கப்பல் ரொம்ப தூரத்தில் நின்றுவிட்டது. குண்டு எட்டலை. சரின்னு மருந்தைக் கூட்டிப் போட்டாங்க. பின்னுதைப்பில் மார்ட்டர் பீரங்கியின் அடிப்பீடமே உடைஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி கோட்டைக்குள் விழுந்த குண்டுகளில் பலவும் நடுவில் இருந்த சேற்றிலும் மணலிலும் புதைந்து வெடிக்கவே இல்லை.

மத்த கப்பல்களின் குண்டுகள் நேராகச் சுவரில் மோதின. இங்கேதான் நம்ம ஹீரோ என்ட்ரி.

மரத்தின் பெயர் பால்மெட்டோ. அந்தக் கடலோரத் தீவுகளில் தானா வளர்வது. வீடு கட்டவோ கப்பல் கட்டவோ யாரும் மதிச்சு எடுக்காத மரம். ஓக், தேக்கு மாதிரி வைரம் பாய்ந்த கட்டை கிடையாது. ஒரு வித்திலைத் தாவரம் இல்லையா, உள்ளே வளையம் வளையமா மரம் வளராது. பஞ்சு மாதிரியான திசுவுக்குள் நார் நாராகக் கட்டுகள். இந்த அடிமரங்களைப் படுக்கையாக அடுக்கி ரெண்டு சுவர். ரெண்டுக்கும் நடுவில் 16 அடி இடைவெளி. அதில் முழுக்க மணல்.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் சார்பி டெஸ்ட் பண்ணியிருப்பீங்களே, சுத்தியல் ஊசலாடி வந்து மாதிரித் துண்டை அடிக்குமே, அதை ஞாபகப்படுத்திக்குங்க. ‘கெட்டியா இருக்கிறது’ வேற, ‘அடியைத் தாங்கறது’ வேற. கல் கெட்டி. ஆனா பட்டென்று தெறிக்கும், தெறிக்கிற ஒவ்வொரு சில்லும் பக்கத்தில் இருப்பவனைக் கொல்லும். ஓக் பலகையும் அப்படித்தான். அந்தக் காலக் கடற்போர்களில் பலர் செத்தது குண்டு பட்டு இல்லை, சிதறின மரச் சிம்பு குத்தி. பால்மெட்டோ சிதறாது. குண்டு வந்து மோதினா நார் நசுங்கும், உள்வாங்கும், குண்டு புதையும். நல்ல கேட்ச் பிடிக்கறவன் கையைப் பின்னால் இழுத்துக்கிட்டே பந்தை வாங்குவான் பாருங்க, அதே பிசிக்ஸ்தான். நிற்கிற தூரம் கூடினால் தாங்க வேண்டிய விசை குறையும். அந்தத் தூரத்தைக் கொடுத்தது மரமும் மணலும். என்னைக் கேட்டா, பாதிக்கு மேல் வேலை பார்த்தது மணல்தான். மரம் அதைச் சிந்தாமல் பிடித்து வைத்துக்கொண்டது.

அதுக்காக சுவர் அசையவே இல்லைன்னு கதை விட மாட்டேன். மூணு நாலு கப்பல்களின் வரிசைப் பீரங்கிகள் ஒரே நொடியில் அடித்தபோது சுவர் நடுங்கியது, இன்னும் சில அடி இப்படி விழுந்தால் சரிந்துவிடுமோ என்று பயந்தேன் என்கிறார் மோல்ட்ரி. உள்ளே இறந்தவர்கள் பலரும் பீரங்கிக்காக விட்டிருந்த திறப்புகள் வழியா வந்த குண்டுக்குப் பலியானவர்கள்.

பின்பக்கமாகச் சுற்றி வந்து அடிக்க மூன்று கப்பல்களை அனுப்பினார் பார்க்கர். ஆக்டியான், சைரன், ஸ்ஃபிங்க்ஸ். இவை மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால் கதை அன்று மதியமே முடிந்திருக்கும். மூன்றுமே போய் மணல்திட்டில் தட்டி நின்றன. பிற்பாடு அதே திட்டின் மேல்தான் சம்டர் கோட்டையைக் கட்டினார்கள். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு விழுந்ததும் அந்தக் கோட்டை மேல்தான். ரெண்டு கப்பல்கள் தப்பித்தன. ஆக்டியானை மறுநாள் அவர்களே தீ வைத்துவிட்டு ஓடினார்கள்.

கோட்டைக்குள் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. மெதுவா சுடுங்க, குறி பார்த்துச் சுடுங்க என்பதுதான் நாள் முழுக்க ஆர்டர். சில நேரம் பீரங்கிகள் மொத்தமா நின்னே போச்சு. ஊரிலிருந்து கொஞ்சம் மருந்து வந்ததும் மறுபடி தொடங்கினார்கள். வெயிலுக்கும் புகைக்கும் நடுவே தீயணைப்பு வாளிகளில் சாராயமும் தண்ணியும் கலந்து பரிமாறினார்களாம் (ஹி... ஹி... ரெக்கார்டில் இருக்கிறதைத்தான் சொல்றேன்). கொடிக்கம்பம் அடிபட்டு விழுந்தபோது வில்லியம் ஜாஸ்பர் என்ற சார்ஜென்ட் சுவருக்கு வெளியே குதித்து, குண்டு மழையில் கொடியை எடுத்து, பீரங்கி துடைக்கும் கழியில் கட்டி மறுபடி நட்டார். மதியம் லீ படகில் வந்தார். ரெண்டு மூணு பீரங்கியைக் குறி வைத்துப் பார்த்துவிட்டு, ‘நல்லாத்தான் செய்றீங்க, நான் எதுக்கு?’ என்று கிளம்பிப் போனார்.

கப்பல்கள் பக்கம் ரத்தக் களரி. முதன்மைக் கப்பல் ‘பிரிஸ்டல்’ சல்லடை ஆனது. அதன் கேப்டன் கை இழந்து, பிறகு இறந்தார். பீட்டர் பார்க்கருக்கும் காயம். கால்சட்டையே கிழிந்து பறந்துவிட்டதாக அமெரிக்கர்கள் ரொம்ப நாள் ஓட்டித் தள்ளினார்கள். இரவு ஒன்பதரை மணிக்குச் சண்டை ஓய்ந்தபோது ஆங்கிலேயர் பக்கம் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் 200 பேருக்கு மேல். கோட்டையில் 12 பேர் சாவு, 25 பேர் காயம்.

இதுவரைக்கும் சொன்னது டூரிஸ்ட் கைடு சொல்ற கதை. அந்த மாநிலத்துக் கொடியில் இன்றும் பால்மெட்டோ மரம் இருக்கு. அரசு முத்திரையில் நிமிர்ந்த பால்மெட்டோவின் காலடியில் ஓக் மரம் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஓக் என்பது ஆங்கிலேயக் கப்பல். செம சிம்பல்தான், ஒத்துக்கறேன். மாநிலத்தின் செல்லப் பெயரே ‘பால்மெட்டோ ஸ்டேட்’.

ஆனா நாம எஞ்சினீயரிங் படிக்கிற பசங்க இல்லையா? ஒரு கட்டடத்தைப் பார்த்தா நமக்கு வர வேண்டிய கேள்வி: இதைக் கட்டினது யாரு?

ஆயிரக்கணக்கான மரத்தை வெட்டணும். தெப்பமாகக் கட்டி மிதக்க விட்டுத் தீவுக்கு இழுத்து வரணும். அடுக்கணும். 16 அடி இடைவெளியை மணல் அள்ளி அள்ளி நிரப்பணும். இந்த வேலையில் பெரும் பங்கைச் செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். பண்ணை முதலாளிகளிடமிருந்து வேலைக்கு வரவழைக்கப்பட்டவர்கள். கோட்டைக்கு மோல்ட்ரியின் பெயரை வைத்தார்கள். கொடி எடுத்த ஜாஸ்பருக்கு ரட்லெட்ஜ் தன் வாளையே பரிசாகக் கொடுத்தார். மரம் அடுக்கினவர்கள் அந்தப் பெருமையில் எங்கேயும் இல்லை.

இன்னொன்று. அந்தத் தீவுக்கு அவங்க வந்தது அது முதல் தடவையா இல்லாமலும் இருக்கலாம். சல்லிவன்ஸ் தீவில் ‘பெஸ்ட் ஹவுஸ்’ என்று ஒன்று இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்களை நோய் இருக்கிறதா என்று அடைத்து வைக்கிற இடம். அங்கிருந்துதான் ஏலத்துக்கு. வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் சுமார் 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் வழியாக வந்தவர்கள் என்கிறார்கள்.

1775 கடைசியில், தப்பி ஓடிய அடிமைகள் பலர் அதே தீவில் ஒளிந்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் காப்பாற்றும், விடுதலை கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. டிசம்பரில் புரட்சிக்காரர்களின் படை தீவுக்குப் போனது. பெஸ்ட் ஹவுஸை எரித்தது. சிலரைக் கொன்றது, சிலரைப் பிடித்து வந்தது. சில மாதத்தில் அதே மண்ணில் ‘சுதந்திரக் கோட்டை’ எழும்பத் தொடங்கியது.

தாமஸ் ஜெரமையா என்ற பெயரையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. கறுப்பர், ஆனால் அடிமை இல்லை. சுதந்திர மனிதர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட். எந்த இடத்தில் மணல்திட்டு, எங்கே ஆழம் என்பதெல்லாம் விரல் நுனியில். அதில் சம்பாதித்துப் பணக்காரரும் ஆனவர். அதுவே ஊர் பெரிய மனிதர்களின் கண்ணை உறுத்தியதோ என்னவோ! அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டினார், ஆங்கிலேயக் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் அழைத்து வரத் திட்டமிட்டார் என்று குற்றம் சாட்டி, 1775 ஆகஸ்ட் 18 அன்று தூக்கிலிட்டு உடலை எரித்தார்கள். ஆங்கிலேய ஆளுநர் வில்லியம் கேம்பெல், இவர் நிரபராதி என்று கெஞ்சிப் பார்த்தார். எடுபடலை. அதே கேம்பெல் பத்து மாதம் கழித்து ‘பிரிஸ்டல்’ கப்பலில் நின்று சண்டை போட்டுக் காயம்பட்டார். அவர் கண்ணெதிரேதான் அந்த மூன்று கப்பல்களும் மணல்திட்டில் போய் உட்கார்ந்தன.

ஜெரமையா இருந்திருந்தா வழி காட்டியிருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. ஆனா அந்தத் திட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருது.

அதே வாரத்தில் வடக்கே ஃபிலடெல்ஃபியாவில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? சுதந்திரப் பிரகடனத்தின் வரைவைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஜெஃபர்சன் எழுதிய வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டிக்கும் ஒரு பத்தி இருந்தது (ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர், அது தனிக் கொடுமை). அதை வெட்டிவிட்டார்கள். தென் கரோலினாவையும் ஜார்ஜியாவையும் திருப்திப்படுத்தவே அதை எடுத்தோம் என்று ஜெஃபர்சன் குறிப்பு எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போட்டவர்களிலேயே இளையவர் 26 வயது எட்வர்ட் ரட்லெட்ஜ். தென் கரோலினாக்காரர், நம்ம ஜான் ரட்லெட்ஜின் தம்பி. சல்லிவன்ஸ் தீவின் வெற்றிச் செய்தி அப்போது அவர்களுக்குத் தெரியாது. ஜூலை 20 அன்றுதான் காங்கிரஸ் மோல்ட்ரிக்கு நன்றித் தீர்மானம் போட்டது.

அந்த வெற்றி தெற்கே நாலு வருஷம் தாங்கியது. 1780-ல் கிளின்டன் திரும்பி வந்தார். இந்தத் தடவை ஹோம்வொர்க் பண்ணிட்டு வந்திருந்தார். கப்பல்கள் மோல்ட்ரி கோட்டை முன் நின்று மல்லுக்கட்டவே இல்லை. விறுவிறுன்னு தாண்டிப் போயிடுச்சு. தரை வழியா ஊரைச் சுற்றி வளைத்தார்கள். மே 12 அன்று சார்ல்ஸ்டன் சரணடைந்தது. மோல்ட்ரியும் கைதி. சண்டை போட மாட்டேன்னு எதிரி முடிவு பண்ணிட்டா, எவ்வளவு நல்ல சுவரும் வெறும் சுவர்தான்.

கார்ன்வாலிஸ் கதைக்கு வருவோம்னு சொன்னேன் இல்ல? 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் படையோடு சரணடைந்த அதே ஆள், 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டு, 1792-ல் திப்புவின் ரெண்டு மகன்களைப் பிணையாக வாங்கினார். அந்த உடன்படிக்கையில்தான் திண்டுக்கல்லும், சேலம், தர்மபுரி பக்கத்து பாராமகாலும் கம்பெனி கைக்குப் போனது. சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை நிற்கிறது. பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கிற காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் போனா எட்டிப் பாருங்க.

பால்மெட்டோ கோட்டை இன்று இல்லை. கடல் காற்றும் அலையும் சில வருஷத்திலேயே தின்றுவிட்டன. இப்போது அங்கே நிற்பது 1809-ல் கட்டிய மூன்றாவது கோட்டை, செங்கல். ஜூன் 28-ஐ ‘கரோலினா தினம்’ என்று கொண்டாடுகிறார்கள்.

அடிமைகளுக்கு ஒரு நினைவுச்சின்னம், ரோட்டோரமா ஒரு பெஞ்ச்கூட இல்லையே என்று 1989-ல் ஆதங்கப்பட்டார் எழுத்தாளர் டோனி மாரிசன். நோபல் பரிசு வாங்கியவர். பத்தொன்பது வருஷம் கழித்து, 2008 ஜூலையில், சல்லிவன்ஸ் தீவில் கோட்டைக்குப் பக்கத்திலேயே தண்ணீரைப் பார்த்து ஒரு கறுப்பு ஸ்டீல் பெஞ்ச் போட்டார்கள். விழாவுக்கு மாரிசன் வந்திருந்தார். அதில் உட்கார்ந்தும் பார்த்தார்.